அப்பத்தா பேரில் கோப்பை வேண்டாம், காலைச் சாப்பாடு போடுங்கள்

எனக்கு எழுதியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். விருதுநகர் பக்கம் கிராமம். அப்பத்தா போன வருஷம் தவறிவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் அவர்தான் முதல் ஆள். வயதுக்கு வந்ததும் ஓட்டத்தையும் படிப்பையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்கள். அவர் நினைவாக வசதியில்லாத பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஏதாவது செய்ய வேண்டும். கையில் 3 லட்சம் இருக்கிறது, சிங்கப்பூரில் இருக்கும் அக்காவும் கொஞ்சம் தருவார். அறக்கட்டளை பதிவு செய்யலாமா, வருஷா வருஷம் டோர்னமென்ட் நடத்திக் கோப்பை கொடுக்கலாமா, இல்லை பள்ளியில் பணத்தைப் போட்டு வட்டியில் பரிசு தரலாமா?

நான் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் பதில்: மூன்றுமே வேண்டாம். ஒரே ஒரு பள்ளியைப் பிடித்து, ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு, அஞ்சு வருஷத்துக்குக் காலைச் சாப்பாடும் ஷூவும் பஸ் செலவும் கொடுங்கள். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும், ஃபோட்டோ எடுத்துப் போடக்கூட ஒன்றும் தேறாது. ஆனால் மைதானத்தை விட்டுப் போகிற பிள்ளைகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்காகத்தான் போகிறார்கள், திறமை இல்லாமல் இல்லை. (நாலாவதாக ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன், அதுதான் பெரியது.)

முதலில் உங்கள் மூன்று யோசனையையும் முடித்துவிடுவோம். டோர்னமென்ட் என்றால் ஷாமியானா, மைக் செட், நடுவர்களுக்குப் படி, வந்த அணிகளுக்குச் சாப்பாடு, கோப்பை, ஃப்ளெக்ஸ் என்று உங்கள் 3 லட்சம் இரண்டு மூன்று வருஷத்தில் தீர்ந்துவிடும். அதில் ஆட வருவது யார்? ஏற்கெனவே அணி இருக்கிற, ஷூ இருக்கிற, கூட்டி வர ஆள் இருக்கிற பிள்ளைகள். வட்டிப் பரிசும் அதே கதைதான். 3 லட்சத்தை 7 சதவீதத்தில் போட்டால் வருஷத்துக்கு 21,000 வரும், ஆண்டு விழாவில் பள்ளியின் சிறந்த வீராங்கனைக்கு உங்கள் அப்பத்தா பேரைச் சொல்லிக் கொடுப்பார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் அந்தப் பிள்ளை ஏற்கெனவே தாண்டி வந்துவிட்டாள். எட்டாம் வகுப்பில் நின்றுபோனவள் கையில் அந்தப் பரிசு என்றைக்கும் போகாது. உங்கள் அப்பத்தாவும் அப்படி நின்றுபோனவர்தானே? அவரை நினைத்துச் செய்வதென்றால் அந்த இடத்தில் நிற்கிற பிள்ளைக்குச் செய்யுங்கள்.

அறக்கட்டளையைப் பற்றி: பதிவு, பான் கார்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் வரி விலக்குக்கான பதிவு, வருஷா வருஷம் ஆடிட்டர், ரிட்டர்ன். இவ்வளவு சின்னத் தொகைக்கு இது தேவையில்லாத பாரம். ஆடிட்டருக்குக் கொடுக்கிற பணத்தில் இரண்டு பிள்ளைக்கு ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ) வாங்கிவிடலாம். அதோடு புதிய வரி முறையில் நீங்கள் இருந்தால் நன்கொடைக்கான வரிக் கழிவே கிடையாது, அதை நம்பித் தொடங்க வேண்டாம். பள்ளிக்கு முறையாகக் கொடுக்க வேண்டுமென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசிக் கொடுக்கலாம், 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாகக் குறிப்பிட்ட ஓர் அரசுப் பள்ளிக்கு என்றே கொடுக்கவும் வழி இருக்கிறது. பெரிய தொகை சேர்ந்தால் 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை இருக்கிறது; ஆனால் அது மாநில, தேசிய அளவுக்கு வந்தவர்களின் உபகரணத்துக்கும் வெளியூர்ப் போட்டிக்கும் கை கொடுக்கிற இடம். நீங்கள் நிற்க வேண்டியது அதற்கு நாலு படி கீழே.

அக்கா விஷயம் ஒன்று. அவரிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருந்தாலும் கணக்கு வேறு. அந்தச் சட்டத்தில் பதிவு இல்லாத அமைப்பு அந்தப் பணத்தை வாங்கக் கூடாது. ஒரு தடவை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். காலை ஆறு மணிக்குப் பயிற்சி. அதற்கு அஞ்சரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்நேரத்தில் வீட்டில் அடுப்பு பற்றவைத்திருக்க மாட்டார்கள், அம்மா பட்டாசு ஆலைக்கோ காட்டு வேலைக்கோ கிளம்புகிற அவசரத்தில் இருப்பார், பிள்ளை ஒரு டம்ளர் வரக்காப்பியைக் குடித்துவிட்டு வரும். ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு, குழாயில் முகம் கழுவிக்கொண்டு, அப்படியே யூனிஃபார்ம் மாற்றி வகுப்பில் போய் உட்காரும். அடுத்த சாப்பாடு மதியம்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரைக்கும்தான். மதியச் சத்துணவும் முட்டையும் 10 வரைக்கும் உண்டு, 11, 12 வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அதாவது உடம்பு வளர்கிற வயதில், பயிற்சி கூடுகிற நேரத்தில், தட்டு காலியாகிக்கொண்டே போகிறது. ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை இரண்டாம் பீரியடில் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கும், கணக்கு டீச்சர் ‘விளையாட்டால்தான் படிப்பு போகுது’ என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார், அடுத்த வாரத்திலிருந்து அவள் வரமாட்டாள். காரணம் விளையாட்டு இல்லை, பசி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அவித்த முட்டை, ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு வாழைப்பழம்: ஆளுக்கு ஏறக்குறைய 25 ரூபாய். 8 பிள்ளைகள், மாதம் 22 நாள் என்றால் 4,400. பயிற்சி நடக்கிற பத்து மாதத்துக்கு 44,000. உங்கள் 3 லட்சத்தை அஞ்சு வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 60,000 கிடைக்கிறது. சாப்பாடு போக 16,000 கையில் நிற்கும், பிள்ளைக்கு 2,000. அதில் ஷூவும் போட்டிச் செலவும். அக்கா தருவது விலைவாசி ஏற்றத்துக்கும் அவசரத்துக்கும் இருக்கட்டும். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். வட்டியில் மாதம் 1,750 ரூபாய் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. அஞ்சு வருஷத்தில் பணம் தீர்ந்துபோனால் போகட்டும், அதற்குள் ஏழாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ வந்திருப்பாள்.

சமைக்க ஆள் தேடாதீர்கள். பள்ளிக்குப் பக்கத்தில் இட்லி சுட்டு விற்கிற அக்கா ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரிடம் மாதக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், முட்டையை அவித்து ஏழரைக்கு மைதானத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். பணத்தை மாதா மாதம் அவருக்கே நேரடியாகப் போடுங்கள். புரோட்டீன் பவுடர் டப்பா மட்டும் தயவுசெய்து வாங்கித் தராதீர்கள். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத டப்பாவால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது, முட்டைக்கு அந்த வம்பு இல்லை.

இதோடு சேர்த்து ஒன்று செய்யுங்கள், செலவில்லாதது. பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிற பிள்ளையை ‘இன்னும் வேகமாக ஓடு’ என்று விரட்டுவது பாவம். பள்ளியில் வாரா வாரம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், வயிற்றைப் புரட்டுகிறது என்று பாதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் போட்டுவிடும். சாப்பிட்ட பிறகு போடச் சொன்னால், சாப்பாட்டோடு டீ குடிக்காதே என்று சொன்னால், கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும்.

ஷூ. மாவட்டப் போட்டி சிந்தெடிக் டிராக்கில் நடக்கும்போது ஒரு தடவை போய்ப் பாருங்கள். செம்மண் தரையில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய பிள்ளை, பதினோரு மணி வெயிலில் அந்த டிராக்கில் 400 மீட்டர் ஓடிவிட்டு வந்து, உள்ளங்காலைத் திருப்பிக் காட்டும். பெருவிரலுக்குக் கீழே தோல் பொத்து, நீர் கோத்து நிற்கும். மதியம் ரிலே இருக்கிறது, அதற்குள் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்து நிற்பாள். சீனியர் அக்காவிடம் கடன் வாங்கிய ஸ்பைக்ஸ் ஒரு சைஸ் பெரிது என்றால் முன்பக்கம் துணி அடைத்துப் போட்டுக்கொள்வார்கள், வளைவில் கால் பிசகும். இதெல்லாம் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயில் தீர்கிற பிரச்சினை. கபடி, கோ-கோ என்றாலும் முட்டிக்கு நீகேப், நல்ல ஷூ, இரண்டு செட் டி-ஷர்ட், டைட்ஸ் போதும்.

இன்னொன்று, ஆண்கள் யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன்: ஸ்போர்ட்ஸ் பிரா. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென்று ஓட மாட்டேன், கால் வலிக்கிறது, வயிறு வலிக்கிறது என்று ஒதுங்கினால், பல சமயம் கால் வலியும் இல்லை வயிற்று வலியும் இல்லை. மைதானத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கிற பையன்கள்தான் காரணம், அவளால் அதை யாரிடமும் சொல்ல முடியாது. பெண் ஆசிரியை ஒருவர் கையில் பணத்தைக் கொடுத்து, பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப்போய் வாங்கித் தரச் சொல்லுங்கள். கணக்கில் ‘உடை’ என்று எழுதினால் போதும். நாப்கினுக்கும் இதே வழிதான். அப்படியே பள்ளியில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பஸ்ஸைப் பொறுத்தவரை நிலைமை முன்னைவிட நன்றாகவே மாறியிருக்கிறது. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாஸும் உண்டு. பிரச்சினை போட்டி நாளில் வரும். குறுவட்டப் போட்டி (சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு இடையே நடக்கிற முதல் கட்டம்) பக்கத்து ஊரில் என்றால் சமாளித்துவிடலாம். அதில் ஜெயித்து மாவட்டம், மாநிலம் என்று போகப் போக, வேன் வாடகை, சாப்பாடு, தங்கல் எல்லாம் பெரும்பாலும் பி.டி. டீச்சர் கைக்காசில் ஓடும், இல்லாவிட்டால் ‘நாலு பேரை மட்டும் கூட்டிப் போகிறேன்’ என்று முடியும். அந்த விட்டுப்போகிற அஞ்சாவது ஆள் யார் என்று பாருங்கள், அது பெரும்பாலும் கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

இப்போது அந்த நாலாவது காரணம். வீடு. இன்னும் குறிப்பாகச் சொன்னால் வீட்டில் இருக்கிற அப்பத்தா, அம்மாச்சி. சடங்கு சுற்றி முடித்த மறுநாளே பேச்சு தொடங்கிவிடும்: ‘வெயில்ல கருத்துப் போயிருவா, டவுசர் போட்டுக்கிட்டு ஊர் முன்னால ஓடுறதா, விழுந்து கையக் கால ஒடிச்சுக்கிட்டா யாரு கட்டுவா.’ அப்பா பல வீட்டில் தலையிடவே மாட்டார், முடிவெடுப்பது கிழவிதான். தடுக்கிறதும் அவர்தான், அனுப்ப முடிவெடுத்துவிட்டால் ஊரே எதிர்த்தாலும் அனுப்புகிறதும் அவர்தான்.

மதுரை சக்கிமங்கலத்து ஓட்ட வீராங்கனை ரேவதி வீரமணியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். ரேவதியையும் தங்கையையும் வளர்த்தது பாட்டி ஆரம்மாள், வயலிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை பார்த்து. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது அவர் கேட்கவில்லை, படிக்கத்தான் வைத்தார். ரேவதி வெறுங்காலோடு ஓடியதைப் பார்த்துப் பயிற்சியாளர் கண்ணன் கூப்பிட்டபோது ஆரம்மாளுக்கு முதலில் மனசில்லை. அவர் விடாமல் பேசித்தான் பாட்டி சம்மதித்தார். அப்புறம் லேடி டோக் கல்லூரியில் இடம், விடுதி, பயிற்சி, ரயில்வேயில் வேலை, கடைசியில் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டம். ஒலிம்பிக் வரை போன கதை என்பதால் நமக்குத் தெரிகிறது. ஆனால் கூலி வேலை பார்க்கிற ஒரு கிழவி ‘சரி, போயிட்டு வா’ என்று சொன்ன அந்த இடம் இருக்கிறதே, அதற்கு எந்தத் திட்டத்திலும் நிதி ஒதுக்கீடு கிடையாது.

அதனால் உங்கள் பணத்தில் ஒரு சின்னப் பங்கை இதற்கென்று எடுத்து வையுங்கள். மாவட்டப் போட்டிக்குப் போகும்போது ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டுப் பெண் ஒருவர், அம்மாவோ அப்பத்தாவோ, கூட வரட்டும். அவர்களுக்குப் பஸ் செலவு, மதியச் சாப்பாடு, முடிந்தால் அன்றைய கூலி. பேத்தி கபடியில் ஏறிப்போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வருவதை ஒரு தடவை நேரில் பார்த்த கிழவி, ஊருக்குத் திரும்பியதும் அவளுக்கு வக்கீலாக மாறிவிடுவார், நான் எத்தனை தடவை வீட்டு வாசலில் நின்று கெஞ்சினாலும் வராத மாற்றம் அது. உடுப்பு விஷயத்திலும் சண்டை போட வேண்டாம், ஷார்ட்ஸுக்குப் பதில் டைட்ஸ் போடட்டும், முழுக்கை டி-ஷர்ட் போடட்டும், விளையாடினால் சரி.

கூட வீட்டுப் பெண் வருவதில் பாதுகாப்பும் இருக்கிறது. 2021-ல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தில் கைதான செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். யாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் பணம் கொடுக்கிற இடத்தில் விதி வைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது: பெண் துணை இல்லாமல் வெளியூர்ப் பயணம் இல்லை, தனியாகப் பயிற்சி இல்லை, குழந்தைகள் உதவி எண் 1098 ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த விதிக்கு முகம் சுளிக்கிற பயிற்சியாளர் உங்களுக்கு வேண்டாம். அதே விதி உங்களுக்கும்தான். பிள்ளைகளின் நம்பரை வாங்கி நேரடியாகப் பேசாதீர்கள், எல்லாம் ஆசிரியை வழியாகவே நடக்கட்டும். அப்பத்தா படம் போட்ட ஃப்ளெக்ஸ் முன்னால் வரிசையாக நிற்க வைத்து முட்டை கொடுக்கிற ஃபோட்டோவும் வேண்டாம். வகுப்பில் அதைக் காட்டிக் கேலி செய்வார்கள்.

எந்த விளையாட்டு என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பள்ளியில் ஏற்கெனவே எது நடக்கிறதோ அது. உங்கள் அப்பத்தா ஓடினார் என்பதற்காகக் கபடி நன்றாக நடக்கிற பள்ளியில் போய்த் தடகளம் தொடங்காதீர்கள். சென்னை கண்ணகி நகரிலிருந்து கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கத்தோடு வந்தார், அந்தப் பகுதியில் ஏற்கெனவே கபடி ஆடுகிற பிள்ளைகளும் கற்றுக்கொடுக்க ஆளும் இருந்ததால்தான். சுனாமிக்குப் பிறகு கடலூரிலிருந்து அத்தனை கால்பந்து வீராங்கனைகள் வந்ததும் அங்கே மாரியப்பன் என்று ஒரு பயிற்சியாளர் விடாமல் நின்றதால்தான். தமிழ்நாடு பெண்கள் கால்பந்து அணி 2018-லும் 2023-லும் தேசியப் பட்டம் வாங்கியது சும்மா இல்லை. விளையாட்டைத் தேடாதீர்கள், தினமும் காலையில் மைதானத்துக்கு வருகிற வாத்தியாரைத் தேடுங்கள். எப்படித் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குப் போய்ப் பாருங்கள்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதை அவரிடமே விடுங்கள், ஆனால் ஒரு நிபந்தனை: எட்டுப் பேரில் நாலு பேராவது ஏழு, எட்டாம் வகுப்பில் இருக்க வேண்டும், இதுவரை எந்தப் பதக்கமும் வாங்காதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை. நடுவில் யாராவது விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிக்குத் தேர்வாகிப் போய்விட்டால் சந்தோஷப்படுங்கள், அங்கே சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். 7, 8, 9, 11 வகுப்புகளில் சேர்வதற்கான தேர்வு கோடையில் நடக்கும், ஆதார், பிறப்புச் சான்றிதழ் இரண்டிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள். ஓட்டத்தில் தேர்வாகிற பிள்ளை காகிதத்தில் தோற்கும்.

யாராவது விளையாட்டை விட்டுவிட்டால் அன்றோடு முட்டையை நிறுத்திவிடாதீர்கள், அந்த வருஷம் முடியும்வரை கொடுங்கள். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வருகிற பிள்ளைகள் உண்டு, வெட்கப்படாமல் வர அவளுக்கு ஒரு சாக்கு வேண்டும்.

முதலாம் ஆண்டுத் திதியன்றே தொடங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தேதியைச் சொன்னீர்கள், அது காலாண்டுத் தேர்வு நடக்கிற வாரம், மைதானத்தில் ஒரு பிள்ளையும் இருக்காது. அன்றைக்கு வீட்டில் படையலைப் போட்டுவிட்டு, இட்லி அக்காவுக்கு முதல் மாதப் பணத்தை அனுப்பிவிடுங்கள், லீவு முடிந்து பள்ளி திறக்கிற திங்கட்கிழமையிலிருந்து சாப்பாடு நடக்கட்டும். ஷூ வாங்கப் போகும்போது பிள்ளைகளையும் டீச்சரோடு கடைக்கு வரச் சொல்லுங்கள், சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நடந்த பிறகு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியாக வரும். வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும் என்று வீட்டில் சொல்வார்கள். கேட்காதீர்கள்.